எழினியின் சிலையும் ஆரணித் தறியும்

திருவண்ணாமலை மாவட்டம் போளூர் வட்டத்தில், வடமாதிமங்கலத்தை அடுத்து அமைந்த சமணத் தலம் திருமலை. ஒரு குன்றைச் சார்ந்து மூன்று குகைகளும் இரண்டு கோயில்களும் இங்கு உள்ளன. பாறையிலேயே செதுக்கப்பட்ட 16.25 மீட்டர் உயரத் தீர்த்தங்கரர் நேமிநாதர் சிலை 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டுச் சமணச் சிலைகளில் மிக உயரமானது இதுவே. திருமலைக்கு வடகிழக்கே, கமண்டல நாக நதிக்கரையில், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி இருக்கிறது. ஒரு குடும்பம் தன் முன்னோரின் கலைப்பணியைத் தன் பெருமையாகப் போற்றிய வரலாற்றுக்கு இந்த வட்டாரத்தில் இருவகைச் சான்றுகள் கிடைக்கின்றன. ஒன்று திருமலையின் கல்வெட்டு. மற்றொன்று ஆரணியின் தறி.

திருமலைக் கல்வெட்டுகளைப் படித்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதியில் 1890இல் வெளியிட்டவர் ஹுல்ட்ஷ். அவற்றுள் வரலாற்று நூல்களில் அதிகம் பேசப்படுவது முதலாம் ராஜேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. கங்கை வரை சென்ற படையெடுப்பை அது விவரிக்கிறது. ஆனால் அது பொறிக்கப்பட்ட நோக்கம் ஒரு விளக்குத் தருமம். மல்லியூர் வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துத் தேவருக்கு நந்தா விளக்குக்காக 20 காசும் திருவமுதுக்காக 10 காசும் அளித்தாள். பேரரசனின் வெற்றிப் பட்டியலுக்குக் கீழே ஒரு குடும்பப் பெண்ணின் பெயரும் அவள் கொடையும் ஆயிரம் ஆண்டாக நிலைத்திருக்கின்றன.

கோயிலுக்குப் பெயர் தந்த குந்தவை, முதலாம் ராஜராஜனின் தமக்கை, ராஜேந்திரனின் அத்தை. தாதாபுரத்திலும் அவள் பெயரில் ஒரு ஜினாலயம் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தன் தந்தையின் படிமத்தையும் தாயின் படிமத்தையும் செய்து அளித்தவளும் அவளே. பெற்றோரை உலோகத்தில் வடித்து வழிபாட்டுக்கு உரியவர்கள் ஆக்கியது, சோழர் குடும்பம் கலையைக் கொண்டு தன் மரபைப் போற்றிய விதத்துக்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

குடும்பப் பெருமையை இன்னும் நேராகச் சொல்வது திருமலையில் உள்ள அதியமான் மரபுக் கல்வெட்டு. சேர மரபைச் சேர்ந்த எழினி என்பவன் இம்மலையில் இயக்கன், இயக்கி படிமங்களைச் செய்துவைத்திருந்தான். காலப்போக்கில் அவை சிதைந்தன. தகடூரை ஆண்ட அதியமான் மரபினன் விடுகாதழகிய பெருமாள் தன் முன்னோன் செய்வித்த அந்தப் படிமங்களைச் செப்பனிட்டு மீண்டும் நிறுவினான். வடமொழியும் தமிழும் கலந்து எழுதப்பட்ட இக்கல்வெட்டில் பெயர்களும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன. தமிழில் எழினி என்றால் திரைச்சீலை. வடமொழிப் பகுதி அதே பொருள் தரும் யவனிகா என்ற சொல்லால் அவனைக் குறிக்கிறது. புதிய சிலைகளைச் செய்வித்துத் தன் பெயரை மட்டும் பொறிக்க விடுகாதழகியனால் முடிந்திருக்கும். அவன் பழைய வேலையைக் காப்பாற்றி, அதைச் செய்வித்தவன் இன்னான் என்பதையும் தன் பெயரோடு எழுதிவைத்தான். அதனால்தான் எழினியின் பணி இன்று அறியப்படுகிறது.

எழினியின் பெயர் நின்றது; அந்தப் படிமங்களை உளியால் செதுக்கிய சிற்பியின் பெயர் நிற்கவில்லை. குகைகளின் கூரையில் தீட்டப்பட்டுள்ள, தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சபையான சமவசரணம் முதலிய ஓவியங்களுக்கும் இதே நிலைதான். பழங்காலக் கோயில்களில் கொடையாளியின் பெயரைப் பொறிப்பது வழக்கம். கைவினைஞனின் பெயர் அரிதாகவே இடம்பெற்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது அந்த அரிய விலக்குகளுள் ஒன்று. மற்ற தச்சரும் ஓவியரும் நெசவாளரும் தங்கள் குடும்பத்தாரின் நினைவிலும் அடுத்த தலைமுறையின் கையிலும் மட்டுமே வாழ்ந்தார்கள்.

அந்த நினைவு எப்படி வேலை செய்தது என்பதை ஆரணியில் காணலாம். 17ஆம் நூற்றாண்டில் மராத்திய ஜாகீர்தார்களின் ஆட்சிக்கு வந்த ஆரணி, கோட்டையும் சந்தையும் உள்ள ஊராக வளர்ந்தது. பிரிட்டிஷ் காலத்தில் 'ஆர்னி மஸ்லின்' என்ற மெல்லிய பருத்தித் துணி இவ்வூர்ப் பெயரால் அறியப்பட்டது. பின்னர் பட்டு நெசவே முதன்மைத் தொழிலாக நிலைபெற்றது. ஆரணியிலும், தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, அத்திமலைப்பட்டு போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் நெசவுக் குடும்பங்கள் வாழ்கின்றன. செங்குந்தர், சௌராஷ்டிரர் ஆகிய சமூகங்கள் இத்தொழிலில் நெடுங்காலமாக உள்ளன. நெசவுச் சமூகங்கள் தம் தொழிலைப் பெருமையாகக் கருதியதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. செங்குந்தரான கைக்கோளர் பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றதை விஜயநகரக் காலக் கல்வெட்டுகள் பதிவு செய்கின்றன. சோழ அவைக்களப் புலவர் ஒட்டக்கூத்தரைத் தம் குலத்தவர் என்று செங்குந்தர் இன்றும் போற்றுகிறார்கள்.

கைத்தறிப் பட்டுச் சேலையை ஒருவர் தனியாக நெய்து முடிப்பது அரிது. வீட்டுக்குள்ளேயே தறிக்குழி இருக்கும். பாவு நூலைத் தெருவில் நீட்டிச் சரிசெய்யவும், இழை பிணைக்கவும், ஊடைக்குத் தார் சுற்றவும் பெண்களும் முதியவர்களும் தேவைப்படுகிறார்கள். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். மறுபக்கத்து நாடாவை எறிந்துதர ஓர் உதவியாள் அருகில் அமர வேண்டும். பெரும்பாலும் அது மனைவியாகவோ வீட்டு இளையவராகவோ இருந்தது. பார்த்தும் தொட்டும் தொழில் கற்ற பள்ளி அந்தத் தறிக்குழிதான்.

சேலையின் கோலங்களுக்கும் இதே வழிதான். ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன், கோலத்தின் ஒவ்வொரு வரிக்கும் நூல்களைக் கட்டித் தொங்கவிட்டு, உதவியாள் இழுத்துக்கொடுக்க நெய்யும் 'அடை' முறை இருந்தது. எந்த வரியில் எந்த இழை எழ வேண்டும் என்ற கணக்கு கற்றுத்தந்தவரின் வழியாகவே அடுத்தவருக்குச் சேர்ந்தது. ஒரு மயிலோ மாங்காயோ முந்தானையில் சரியாக விழுந்தால், அது எந்த வீட்டுக் கை என்பதைத் தொழில் தெரிந்தவர் அறிவார். நெசவாளர் தம் முன்னோரின் கலையைக் காட்டிக்கொள்ள இருந்த கையெழுத்து அதுதான். பிரான்சில் 1804இல் ஜக்கார்டு உருவாக்கிய முறை பிற்காலத்தில் இங்கும் பரவியது. துளையிட்ட அட்டைகள் அந்தக் கணக்கின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டன. இழையின் இறுக்கமும் கரையின் நேர்த்தியும் கையிடமே தங்கின.

சுதந்திரத்துக்குப் பின் சில பாதுகாப்புகள் வந்தன. 1985ஆம் ஆண்டின் சட்டம் குறிப்பிட்ட துணிவகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியது. 2008–09இல் ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2015 முதல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. நெய்தவரின் பெயரைச் சொல்வதில்லை. கடையில் சேலை வாங்குபவருக்கு அதை எந்தக் குடும்பம் நெய்தது என்பது தெரிய வழியில்லை.

குறைந்த கூலி, பட்டு மற்றும் ஜரிகையின் விலையேற்றம், விசைத்தறியின் போட்டி ஆகிய காரணங்களால் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குச் செல்கிறார்கள். இனி அந்தக் கலையைக் குடும்பம் நினைவில் வைக்க வேண்டுமானால் அது எழுத்திலும் படத்திலும் ஏற வேண்டும்: தாத்தா நெய்த சேலை, அவர் அடை கட்டிய முறை, பாட்டி தார் சுற்றிய ராட்டை, இவற்றோடு அவரவர் பெயர். விடுகாதழகியன் எழினிக்குச் செய்த அந்தப் பதிவைத் தம் முன்னோருக்குச் செய்ய நெசவாளர் குடும்பத்துக்கு இன்று கல்லும் உளியும் தேவையில்லை.