தெப்ராவ் நீரிணையும் நீரடி ஊர்தியும்

ஜொகூர் மாநிலத்தையும் சிங்கப்பூரையும் பிரிக்கும் குறுகிய கடலுக்கு மலாய் மொழியில் 'செலாட் தெப்ராவ்' என்பது பெயர். நாள்தோறும் அதனைக் கடந்து வேலைக்குச் செல்லும் நம்மவருள் பலர், அந்நீருக்கு அடியில் நிகழ்ந்த வரலாற்றை அறியார்.

மெர்சிங்கிலிருந்து படகேறி, திங்கி, ஆவூர் முதலிய தீவுகளில் பவளப்பாறை காண மூழ்கும் இளைஞர் சிலர், கையிற் பற்றிச் செல்லும் மின்விசை ஸ்கூட்டரை வாங்க விரும்புகின்றனர். மலிவானது எது என்பதே அவர்தம் முதல் வினா. அவ்வூர்தியின் மூதாதையர் போர்க்கருவிகள். அவற்றின் கதையை அறிந்தார்க்கு அவ்வினாவே சற்று மாறிவிடும்.

1941 டிசம்பரில் இத்தாலியக் கடற்படை வீரர் அறுவர், மூன்று ஊர்திகளின்மீது குதிரையேறுவார்போல் அமர்ந்து அலெக்சாந்திரியா துறைமுகத்துள் நுழைந்து, இரு பிரித்தானியப் போர்க்கப்பல்களை முடக்கினர். பிரித்தானியரும் பின்னர் இத்தகைய கருவிகளைச் செய்தனர். ஒருவர் அமர்ந்து, மின்கல விசையால் நீருள் மூழ்கிச் செல்லும் 'உறங்கும் அழகி' என்னும் படகு அவற்றுள் ஒன்று. 1944இல் ஐவன் லியோன் தலைமையில் 23 வீரர், இப்படகுகளுடன் சிங்கப்பூரில் நின்ற சப்பானியக் கப்பல்களைத் தாக்க வந்தனர். அக்டோபர் 10ஆம் நாள் ரியாவ் தீவுகளிடையே காவற்படகு ஒன்று அவர்களை நெருங்கவே, மறைவு வெளிப்பட்டது. ஊர்திகளை ஏற்றிவந்த மரக்கலத்தோடு அவற்றையும் தாமே மூழ்கடித்தனர். அவ்வீரருள் ஒருவரும் பிழைக்கவில்லை. அரிய கருவி கையிலிருந்தும் திரும்பும் வழி அடைபட்டது.

தெப்ராவ் நீரிணைக்குள்ளேயே நிகழ்ந்தது 1945 ஜூலை 31ஆம் நாள் தாக்குதல். நால்வர் செல்லும் சிறு நீர்மூழ்கி ஒன்று, அங்கு நின்ற 'தக்காவோ' என்னும் சப்பானியக் கப்பலின் அடியிற் புகுந்தது. வெடிகளைப் பொருத்த வெளியேறியவர் சேம்சு மெகென்னிசு. கதவு முழுதும் திறக்கவில்லை, நெருக்கி நுழைந்தார். கப்பலடியில் கொட்டலசு படிந்திருந்தமையால் காந்த வெடிகள் ஒட்டவில்லை. அவர் அதனைக் கையாற் சுரண்ட நேர்ந்தது. மூச்சுக் கருவியிலிருந்து பிராணவாயு கசிந்தது. களைத்துத் திரும்பியவர், விடுபடாது சிக்கிய வெடிப்பெட்டகம் ஒன்றை விடுவிக்க மீண்டும் வெளியேறினார். அவருக்கும் தலைவர் இயன் பிரேசருக்கும் விக்டோரியாச் சிலுவை வழங்கப்பெற்றது. ஊர்தி அவரை இடத்திற் சேர்த்தது. எஞ்சியதெல்லாம் மூச்சும் கையும் செய்த வேலை.

போருக்குப் பின் இக்கருவி பொழுதுபோக்குக்கு வந்தது. 1956இல் குஸ்தோவின் 'மௌன உலகம்' என்னும் திரைப்படம் நீரடி ஸ்கூட்டரை மக்களுக்குக் காட்டிற்று.

இனி வாங்குவோர்க்கு வருவோம். விலைச்சீட்டை நோக்குமுன் கருவியின் ஆழ எல்லையை நோக்குக. நீச்சற்குளத்துக்கென்று செய்த மலிவுக் கருவி, தொடக்கநிலை மூழ்குவோர்க்கு விதித்த 18 மீட்டரைக்கூடத் தாங்காது போகலாம். விளம்பரங்கள் வேகத்தையே பாடுகின்றன. எனக்கு அது வீண் செலவாகவே தோன்றுகிறது. நீரில் வேகத்தை இருமடங்காக்க ஏறத்தாழ எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். மின்கலமோ விரைந்து தீரும். பாதி வழியில் அது தீர்ந்தால் காலுந்தித் திரும்பத்தக்க தொலைவே செல்லத்தக்க தொலைவு. சிலிண்டரில் அதற்குரிய காற்றும் எஞ்சியிருத்தல் வேண்டும். விசையை விட்டதும் கருவி தானே நிற்கின்றதா, உப்புநீரில் மிதக்காமலும் அமிழாமலும் இருக்கின்றதா என்பவற்றை வாடகைக்கு எடுத்துச் சோதித்தல் நலம். கருவியின் இழுப்பில் மேல்நோக்கி விரைவது நுரையீரலுக்குக் கேடு. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்பட்டு ஏறலாகாது.

விமானத்தில் கொண்டு செல்வோர் மின்கலத்தின் அளவைப் பார்த்தல் வேண்டும். 100 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்துக்கு நிறுவனத்தின் அனுமதி தேவை. 160க்கு மேற்பட்டதைப் பயணியர் கொண்டு செல்ல இயலாது. கழற்றி மாற்றத்தக்க மின்கலம் உள்ள பழைய கருவியொன்று, மாற்ற இயலாத புதியதைவிடப் பலமுறை சிக்கனமாய் முடியும். ஒவ்வொரு முறையும் கரையேறியவுடன் நன்னீரில் அலசுதல் வேண்டும். கடலுப்பு அச்சையும் அடைப்பையும் அரித்துவிடும்.