உடல் எடையைக் குறைக்கும் ஊசிகள்: அலட்சியம் கூடாத பக்க விளைவுகள்

உடல் எடைக் குறைப்புக்கான மவுன்ஜாரோ, வெகோவி ஆகிய ஊசி மருந்துகள் 2025-ஆம் ஆண்டில் இந்தியாவில் அறிமுகமாயின. வாரம் ஒருமுறை தோலுக்கு அடியில் செலுத்தப்படும் இவை, குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போலச் செயல்பட்டுப் பசியைக் குறைக்கின்றன. இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதையும் தாமதப்படுத்துகின்றன.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு ஆகியவை தொடக்கத்தில் பலருக்கும் ஏற்பட்டு, பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆனால், கடுமையான பாதிப்புகளும் இதே வாந்தியுடன் தொடங்கக்கூடும் என்பதே சிக்கல்.

மேல் வயிற்றில் தொடங்கி முதுகு வரை பரவும் விடாத வலி, கணைய அழற்சியின் அறிகுறியாக இருக்கலாம். அவ்வாறு வலித்தால் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளாமல் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பைக் கற்கள் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. வாந்தி நீடித்து நீர்ச்சத்து குறைந்தால் சிறுநீரகங்கள் பாதிக்கப்படலாம்.

வெகோவியில் உள்ள செமாகுளூடைடு, பார்வை நரம்புக்கான ரத்த ஓட்டம் தடைபடும் நோயை மிக அரிதாக, அதாவது அதிகபட்சம் 10,000 பேரில் ஒருவருக்கு ஏற்படுத்தலாம் என ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025 ஜூன் மாதம் தெரிவித்தது. திடீரெனப் பார்வை மங்கினால், வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது.

எலிகளிடம் நடத்திய ஆய்வுகளில் தைராய்டு கட்டிகள் காணப்பட்டன. மனிதர்களிடம் இது உறுதியாகவில்லை. எனினும், தமக்கோ குடும்பத்தினருக்கோ மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இம்மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். இன்சுலின் எடுத்துக்கொள்வோருக்கு ரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறையக்கூடும். அறுவை சிகிச்சைக்குச் செல்வோர், மயக்க மருந்து நிபுணரிடம் இந்த ஊசி குறித்து முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம். இரைப்பையில் தங்கிய உணவு மயக்க நிலையில் நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும்.