அபயதானமும் வாயில்லா உயிர்களும்

மதுரையைச் சூழ்ந்த சமணக் குன்றுகளுள் மாங்குளம் பழமையாற் சிறந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்பெறும் அதன் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி, கணிநந்தன் என்னும் துறவிக்குக் குகைப்பள்ளி அமைத்துத் தந்ததை அறமெனக் குறிக்கிறது. புகலிடம் நல்குதல் சாவகர்தம் தொன்மையான கடமை என்பதற்கு இது சான்று.

அப்புகலிடம் மாந்தர்க்கு மட்டும் உரியதன்று. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், சோற்றைத் தீண்டியதற்காக அடிபட்ட நாயொன்று குற்றுயிராய்க் கிடக்கிறது. சீவகன் அதன் செவியில் ஐம்பத மந்திரம் ஓதுகிறான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனைக் கொலையினின்று மீட்கிறது. பிழைக்க இயலாத உயிரையும் சீவகன் கைவிடவில்லை, இறுதிவரை அருகிருந்தான். கொல்லாது பேணும் விலங்குக் காப்பகங்களின் நோக்கமும் இதுவே.

நம் காலத்தில் இந்நெறிக்குத் தமிழகமே வழிகாட்டியது. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பைத் தோற்றுவித்தார். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்யும் முறையை அவ்வமைப்பு 1964 முதல் வலியுறுத்தியது. சென்னை மாநகராட்சி 1996இல் அதனை ஏற்றது. 2001இல் நாடு முழுமைக்கும் விதியாயிற்று. கொன்று வெறுமையாக்கிய தெருவில் வேறு நாய்கள் குடியேறும், எஞ்சியவை பெருகும். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் பெற்றுத் தன் இடத்திற்கே திரும்பும் நாயோ பெருகாது, நோயும் பரப்பாது. தெருவில் நடக்கும் குழந்தைக்கும் அச்சம் குறைகிறது. அபயம் இருபாலார்க்கும் கிட்டுகிறது.

ஆயினும் கொல்லாமையோடு அறம் முற்றுப்பெறுவதில்லை. இடங்கொள்ளாத கொட்டிலில் நோயுற்ற நாய்களை அடைத்து வைப்பதும் ஹிம்சையே. அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் கட்டி வைத்தலும், உணவும் நீரும் மறுத்தலும் உள்ளன அல்லவா? ஆகவேதான் நம் முன்னோர் ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானத்தை நான்காக வகுத்தனர். ஏனைய மூன்றும் துணைநில்லாத அபயம் வெறுஞ்சொல்லாகும்.

வீட்டில் வளர்த்த நாயையோ பூனையையோ முதுமையில் தெருவில் விடாதிருப்போம்; உரிய காலத்தில் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விப்போம். நம் ஊரிலுள்ள காப்பகத்திற்கு அளிக்கும் பொருளில் ஒரு பகுதியை மருந்துக்கென்றே ஒதுக்குவோம். கல்லிற் பள்ளி அமைத்தோர் வழிவந்த நமக்கு இது தகும்.