ஐந்து விரல், இரண்டு கணக்கு

மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கி, அவற்றின் நுனிகளைக் கட்டைவிரல் நுனியோடு சேர்க்க வேண்டும். மற்ற இரண்டு விரல்களும் நேராக நீண்டிருக்க வேண்டும். இதுதான் பிராண முத்திரை. காலை நடைக் கூட்டம், யோகா வகுப்பு, பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் சின்னப் புத்தகம், யூடியூப் என்று எங்கே போனாலும் இதற்குப் பெரும்பாலும் ஒரே விளக்கம்தான்: கட்டைவிரல் நெருப்பு, ஆள்காட்டி விரல் காற்று, நடுவிரல் ஆகாயம், மோதிர விரல் மண், சுண்டு விரல் நீர். நெருப்போடு மண்ணும் நீரும் சேர்ந்தால் உடம்பில் சக்தி ஏறும். கூடவே ஒட்டிக்கொண்டு வருவது, 'ஐயாயிரம் வருஷத்துப் பழமை' என்ற வரி. அந்த வரியைத்தான் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும்.

முத்திரை என்ற சொல் பழசுதான், சந்தேகமில்லை. ஆனால் அது எதைக் குறித்தது? 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை பத்து முத்திரைகளைச் சொல்கிறது. மகாமுத்திரை, கேசரி, மூலபந்தம், விபரீதகரணி என்று போகும் பட்டியல் அது. கேசரி என்பது நாக்கை மேலண்ணத்துக்குப் பின்னால் மடக்குவது. விபரீதகரணியில் உடம்பையே தலைகீழாக்க வேண்டும். அதற்குப் பின் வந்த கேரண்ட சம்ஹிதை இந்தப் பத்தை இருபத்தைந்தாக்கியது. இரண்டு பட்டியலிலும் பிராண முத்திரை கிடையாது. ஹடயோகத்தின் முத்திரை மூச்சையும் முழு உடம்பையும் பூட்டுகிற வேலை. விரல் நுனியைத் தொட்டுவிட்டு டிவி பார்ப்பது அந்தக் கணக்கில் வராது.

விரலுக்குப் பூதம் சொல்லும் மரபும் பழசுதான். தேவிக்கு மானசமாகச் செய்யும் பஞ்சபூஜையில் ஒவ்வொரு உபசாரத்துக்கும் ஒரு பூதம், ஒரு விரல். மண்ணுக்குச் சுண்டு விரல், சந்தனம். ஆகாயத்துக்குக் கட்டைவிரல், பூ. காற்றுக்கு ஆள்காட்டி விரல், தூபம். நெருப்புக்கு நடுவிரல், தீபம். அமுதத்துக்கு மோதிர விரல், நைவேத்தியம். இதை இன்றைய சுவர்ப் படத்தோடு ஒப்பிட்டால் ஆள்காட்டி விரலைத் தவிர எதுவும் பொருந்தாது. சாஃப்ட்வேர் வேலையில் ஒரே சாவிக்கு இரண்டு அட்டவணை இரண்டு மதிப்பைத் தந்தால், முதலில் கேட்கும் கேள்வி 'எது சரி?' அல்ல, 'யார், எதற்காக எழுதினார்கள்?' என்பதுதான். பஞ்சபூஜைக் கணக்கு எழுதப்பட்டது பூஜைக்காக. படத்தில் இருக்கும் கணக்கு நோய்க்காக. நமக்குத் தெரிந்த முத்திரை சிகிச்சை இந்தப் படங்களோடும் கையேடுகளோடும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது.

அதற்கு வெகுகாலம் முன்பே விரல்களைப் பற்றிக் கறாராக எழுதிய ஒருவர் நம்ம பக்கத்து ஆள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார். கொங்குமண்டல சதகம் அவரை நிரம்பை ஊர்க்காரர் என்கிறது. அது பெருந்துறைப் பக்கம். வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம், சென்னிமலை வழியாகப் போய்விடலாம். அரங்கேற்று காதை உரையில் அவர் 33 ஒற்றைக் கைகளையும் 15 இரட்டைக் கைகளையும் சொல்கிறார். எந்த விரல் நிமிர வேண்டும், எது வளைய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கணம். அழகுக்குக் காட்டுவது எழிற்கை, தொழிலுக்குக் காட்டுவது தொழிற்கை, பொருளுக்குக் காட்டுவது பொருட்கை. உ.வே.சா. 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது இந்த உரையும் அச்சேறியது. அத்தனை கைகளில் ஒன்றுகூட உடம்பு தேறுவதற்கென்று இல்லை. எல்லாமே எதிரில் இருப்பவர் பார்ப்பதற்கானவை.

சிவன் கோவில் தெற்குச் சுவரில் இருக்கும் தட்சிணாமூர்த்தியின் சின்முத்திரையும் அப்படித்தான். சைவ சித்தாந்த விளக்கத்தில் கட்டைவிரல் இறைவன், ஆள்காட்டி விரல் உயிர், விலகி நிற்கும் மூன்று விரல்களும் ஆணவம், கன்மம், மாயை. வாய் திறக்காத குரு சீடனுக்கு நடத்தும் பாடம் அது.

சரி, அப்போ பிராண முத்திரை எங்கிருந்து வந்தது? விடை நைவேத்தியத்தில் இருக்கிறது. தெய்வத்துக்கு அமுது படைக்கும்போது 'பிராணாய ஸ்வாஹா' என்று தொடங்கி ஐந்து வாயுக்களுக்கும் ஐந்து முத்திரை காட்டுவார்கள். தந்திர வழிபாட்டு முறையில் அதில் முதலாவது, சுண்டு விரலும் மோதிர விரலும் கட்டைவிரலைத் தொடுவது. அதே பெயர், அதே விரல்கள். சாமிக்கு ஊட்டிய கையை நாம் நம் பக்கமாகத் திருப்பிக்கொண்டோம்.

திருப்பியதற்கும் ஒரு காலப் பின்னணி உண்டு. 20ஆம் நூற்றாண்டில் யோகம் மடத்தை விட்டு வீட்டுக்கு வந்தது. கொங்கில் அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் வேதாத்திரி மகரிஷி. கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984இல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் எழுந்தது. அவருடைய எளியமுறை உடற்பயிற்சி கைப்பயிற்சியில்தான் ஆரம்பிக்கும். விசைத்தறியும் எண்ணெய் மில்லும் நடக்கும் வெள்ளகோவில் மாதிரி ஊரில், பகலெல்லாம் நின்றே வேலை செய்பவர்களுக்குக் குருவைத் தேடிப் போக நேரமில்லை. உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடியது வேண்டும். அந்தத் தேவை நிஜமானது. முத்திரைப் புத்தகங்கள் பிற்பாடு அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன.

என் அம்மாவும் தினமும் கால் மணி நேரம் பிராண முத்திரையில் உட்காருகிறார். பத்து வருஷமாகச் சர்க்கரை. கூட உட்காருபவர்களில் ஒருவர், "இதையே விடாமப் பண்ணுனா மாத்திரைய நிறுத்திப்போடலாமுங்க்கா" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு இந்த வரலாறு அவசரமானது அன்றைக்குத்தான். பழமை என்ற ஒரு சொல் மருந்துச் சீட்டை விடப் பலமாக நிற்கிறது. கணையம் சுரக்காத இன்சுலினை விரல் நுனி ஈடுகட்டாது என்றால் அது வறட்டு வாதமாகக் கேட்கும். அதனால் நைவேத்தியக் கதையைச் சொன்னேன்.

அம்மா கையைத் திருப்பிப் பார்த்தார். "சாமிக்குச் சோறு ஊட்டற கையா கண்ணு இது? அதைப் போயி சுகருக்குன்னு ஆக்கிப்போட்டாங்களாக்கும்."

மாத்திரை நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் நடக்கிறது. கால் மணி நேரம் அமைதியாக உட்காருவதையும் அம்மா விடவில்லை, விடச் சொல்ல எனக்குக் காரணமும் இல்லை. மூச்சு நிதானமாகிறது, மனசு கொஞ்சம் அடங்குகிறது. அதற்கு ஐயாயிரம் வருஷத்துச் சாட்சி தேவையில்லை.

பழசு என்று ஒரேயடியாகக் கும்பிடுகிறவர்களுக்கும், புதுசு என்றதும் மோசடி என்று தள்ளுகிறவர்களுக்கும் இந்த மூன்று விரல்கள் தோதாக வராது. பெயர் பழசு, வடிவம் பழசு, வேலை மட்டும் புதுசு. மருந்தின் இடத்தில் உட்காரச் சொல்லி அதை அனுப்பியது நம் காலம்தான். அடியார்க்கு நல்லார் பட்டியலில் எழிற்கை, தொழிற்கை, பொருட்கை உண்டு. மருந்துக்கை இல்லை.