கையொப்பத்திலிருந்து சொடுக்கு வரை: தன் நூலைத் தானே வெளியிடும் ஆசிரியனும் விளம்பரமும்

நூலை எழுதியவனே அதனை வெளியிட்டு விற்கவும் முற்படும்போது, அவன் எதிர்நோக்கும் முதல் வினா பணத்தைப் பற்றியது. செலவை யார் ஏற்பது? நூல் விலைபோகாவிடின் அவ்விழப்பு யாரைச் சாரும்? பதிப்பாளர் ஒருவர் இடையில் நிற்கும்வரை இவ்வினா ஆசிரியனை அதிகம் வருத்துவதில்லை. தானே பதிப்பாளனாகும் பொழுது அது அவன் தலைமேல் வந்து விழுகின்றது. இணையத்திற் கட்டணம் செலுத்தித் தன் நூலை விளம்பரஞ் செய்யும் இக்கால ஆசிரியனின் நிலையை விளங்கிக்கொள்வதற்கு, முன்னையோர் இவ்வினாவுக்குக் கண்ட விடைகளை நோக்குதல் பயனுடையது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வழங்கிய விடை முன்கையொப்ப முறையாகும். அலெக்சாண்டர் போப், ஹோமரின் இலியட் காவியத்தை மொழிபெயர்க்கப் போவதாக அறிவித்து, ஆறு தொகுதிகளுக்குத் தொகுதிக்கு ஒரு கினி வீதம் வாசகரை ஒப்பமிடச் செய்தார். 575 பேர் 654 பிரதிகளுக்கு ஒப்பமிட்டனர். 1715 முதல் 1720 வரை தொகுதிகள் வெளிவந்தன. ஒப்பமிட்டோர் பெயர்கள் நூலின் முன்னே அச்சிடப்பட்டன. இம்முறையிலே துணிபவன் வாசகன். அத்துணிவு வீணாவதும் உண்டு. சாமுவேல் ஜோன்சன் 1756இல் சேக்ஸ்பியர் பதிப்புக்கு அறிவித்தல் விடுத்தார். பதிப்பு வெளிவந்ததோ 1765இல். ஒப்பமிட்டோர் பட்டியல் அதில் இடம்பெறவில்லை. பெயர்களைத் தொலைத்துவிட்டதாகவும் பணத்தைச் செலவிட்டுவிட்டதாகவும் அவர் கூறிய விடையைப் பொஸ்வெல் பதிவுசெய்துள்ளார்.

தமிழிலும் இம்முறை வழங்கிற்று. கும்பகோணம் கல்லூரி ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிடக் கையொப்பம் சேர்த்த வரலாற்றை அவரது சுயசரிதையிற் காணலாம். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையோ வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) என்று தொடர்ந்த தம் பதிப்புகளுக்குக் கைப்பொருளையும் செலவிட்டவர். கையொப்பமிட்டவர் யார், எவ்வூரினர், யார் சொல்லி இட்டார் என்பதெல்லாம் பதிப்பாசிரியருக்குத் தெரிந்திருந்தது. விளம்பரம் என்பது பெரும்பாலும் அறிமுகத்தின் மறுபெயராகவே இருந்த காலம் அது.

அறிமுகமில்லாத வாசகனைப் பணங்கொடுத்துத் தேடிய ஆசிரியர்களுக்கு வோல்ட் விட்மன் சிறந்த உதாரணம். 1855இல் புரூக்ளினில் அவர் தம் செலவிலேயே ‘புல்லின் இதழ்கள்’ கவிதைத் தொகுதியை ஏறத்தாழ 795 பிரதிகள் அச்சிட்டார். எழுத்துக் கோக்கும் வேலையிற் சிலவற்றைத் தாமே செய்தார். ஜூலை 6ஆந் திகதி நியூயோர்க் ட்ரிபியூன் பத்திரிகையில் விளம்பரம் வெளிவந்தது. பெயரை மறைத்துத் தம் நூலுக்குத் தாமே மதிப்புரைகளும் எழுதினார். (இன்று இணையக் கடைகள் தடைசெய்யும் செயல் இது.) நூல் அதிகம் விற்கவில்லை. ஆயின், இலவசமாக அனுப்பிய பிரதி ஒன்றுக்கு எமர்சன் எழுதிய பாராட்டுக் கடிதத்தை அதே பத்திரிகையில் அனுமதியின்றி வெளியிட்டதோடு, 1856இன் இரண்டாம் பதிப்பின் முதுகிலும் அதன் ஒரு வரியைப் பொன்னெழுத்திற் பொறித்தார். காசு கொடுத்துப் பெற்ற விளம்பரத்தைக் காட்டிலும் காசில்லாமற் கிடைத்த கடிதமே அந்நூலுக்கு ஆதரவாயிற்று.

இணைய விளம்பரத்தின் தொடக்கமாகப் பலரும் கூறுவது, 1994 ஒக்டோபர் 27இல் ஹொட்வயர்ட் தளத்தில் வெளியான பட்டை விளம்பரங்களை. பத்திரிகையிற் போலவே, அவற்றுக்கும் இடத்துக்கே விலை கொடுக்கப்பட்டது. பார்த்தவன் பொருளை நாடினானா என்பது விலையைத் தீர்மானிக்கவில்லை. 1998இல் கோட்டு என்ற தேடற்றளம், தேடுஞ் சொல்லொன்றுக்கு யார் கூடுதலாகத் தருவர் என ஏலம் விட்டது. விளம்பரத்தைச் சொடுக்கினால் மட்டுமே கட்டணம். கூகிள் 2000இல் விளம்பரச் சேவையைத் தொடங்கி, 2002இல் இவ்வேல முறையைத் தழுவியது. ஆனால் ஏலத்தொகையோடு, விளம்பரம் எத்துணை சொடுக்கப்படுகின்றது என்பதையும் சேர்த்தே அது வரிசையை வகுத்தது.

சொடுக்கினாற் போதும், பார்வைக்குக் கட்டணமில்லை என்பதால், துணிவின் சுமை விளம்பரம் விற்பவன்மீது சென்றுவிட்டது போலத் தோன்றும். ஆனால் சொடுக்கு வேறு, விற்பனை வேறு. அமேசன் நிறுவனம் 2007இல் கிண்டில் கருவியோடு ஆசிரியர் தாமே மின்னூல் வெளியிடும் வசதியையும் தந்தது. 2010 முதல் 2.99 டொலர் தொடக்கம் 9.99 டொலர் வரையான விலைக்கு நூற்றுக்கு 70 வீதமும், அதற்குக் குறைந்த விலைக்கு 35 வீதமும் உரிமைத்தொகையாக வழங்கியது. 2015இல் இவ்வாசிரியர்களுக்கு அக்கடையிலேயே விளம்பரஞ் செய்யும் வாய்ப்பும் திறக்கப்பட்டது. கணக்கைப் பார்ப்போம். 2.99 டொலர் நூலுக்கு ஆசிரியன் பெறுவது ஏறத்தாழ 2.09 டொலர். சொடுக்கொன்றுக்கு 40 சதம் எனக் கொண்டால், ஐந்து பேருள் ஒருவராவது வாங்கினால்தான் முதலே திரும்பும். 99 சத நூலெனின் அவனுக்கு வருவது 35 சதமே. சொடுக்கிய ஒவ்வொருவரும் வாங்கினாலும் அவனுக்கு நட்டந்தான்! கொடுத்த உரிமைத்தொகையையே விளம்பரக் கட்டணமாக அக்கடை திரும்பப் பெறுகின்றது என்பதும் கவனிக்கத்தக்கது.

எனவே இம்முறை யாருக்கு இலாபம் தரும்? ஒரே தொடரிற் பல நூல்கள் எழுதியவனுக்கு ஓரளவு தரலாம். முதல் நூலில் நேரும் இழப்பை அடுத்து வாங்கப்படும் நூல்கள் ஈடுசெய்யும். ஒரு கவிதைத் தொகுதியோ ஓர் ஆய்வு நூலோ மட்டும் கையிலுள்ளவனுக்கு அத்தகைய பின்வரவு இல்லை. 2016 டிசெம்பரில் அமேசன் தமிழையும் மின்னூல் மொழிகளுள் ஒன்றாகச் சேர்த்தபோது, தமிழாசிரியனும் இக்கணக்குக்கு உட்பட்டான். விலையைத் தாழ்த்தி வாசகரைக் கவர முயல்பவனுக்குச் சொடுக்கின் செலவைத் தாங்கும் இடைவெளி மிகக் குறுகியது.

இலங்கையிற் கையொப்ப முறை முற்றாக மறைந்துவிடவில்லை. வெளியீட்டு விழாவில் மேடைக்கு அழைக்கப்பட்டுச் சிறப்புப் பிரதி பெறுவோர், போப்பின் நூன்முகப்பிற் பெயர் பொறிக்கப்பட்ட பிரபுக்களின் வழிவந்தவர்களே. உறையிலிட்டு அவர்கள் தருவது நூலின் விலையை விஞ்சியிருப்பதுண்டு. அச்சகத்தின் கடனில் ஒரு பகுதி அன்று மாலையே தீர்ந்துவிடும். ஆயினும் அவர்கள் ஆசிரியனை அறிந்தவர்கள். மண்டபத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிவரும் பெட்டிகளுக்கு அவனை அறியாத வாசகர் வேண்டும். அவர்களைத் தேடியே அவன் இன்று அந்த ஏலத்தில் நிற்கின்றான்.