விளையாட ஒரு பொழுது

2012ஆம் ஆண்டு. கல்லூரியில் மதிய இடைவேளை. இளங்கலைத் தமிழ் முதலாண்டு மாணவி ஒருத்தி கடைசி பெஞ்சில் அரசு கொடுத்த மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போனதும் படக்கென்று மூடினாள். "படிச்சிட்டுத்தான் மேடம் இருந்தேன்" என்றாள். நான் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

திறக்கச் சொன்னேன். சாம்பல் நிறக் கட்டங்கள், சிலவற்றில் எண்கள், சிலவற்றில் சின்னச் சின்னக் கொடிகள். என்ன விளையாட்டு என்று கேட்டேன். "மைன்ஸ் மேடம்."

நெய்வேலியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. அப்பாக்கள் ஷிப்டுக்குப் போகும் இடம் மைன்ஸ். அது கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு என்பதும், ஆங்கிலத்தில் சுரங்கத்துக்கும் கண்ணிவெடிக்கும் ஒரே சொல்தான் என்பதும் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அவள் விளக்கத்தில் குறை இல்லை. "மைன்ஸ்ல வெடி வைப்பாங்கல்ல மேடம், அந்த எடம். அதுல கை வச்சா போச்சு." சுரங்கத்தின் மேல்மண்ணைத் தகர்க்க வைக்கும் வெடிக்குச் சுவர் அதிரும் ஊரிலிருந்து வருகிறவள் அவள்.

வீட்டில் விளையாட விடுவார்களா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது. "விண்டோஸ் பக்கம் அண்ணனோடது மேடம். படம், பாட்டு, கார் கேம் எல்லாம் போட்டு வச்சிருக்கு. இந்தப் பக்கம் அதுக்குப் புடிக்காது. எதுவும் ஓடாதுங்கும். அதனால இது எனக்கு."

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா அரசின் புதிய திட்டங்களைத் தொடங்கிவைத்தார். குடும்பத் தலைவிகளுக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. மாணவர்களுக்கு மடிக்கணினி. முதலாண்டுக்கான இலக்கு மட்டும் 9.12 லட்சம் மடிக்கணினிகள். அம்மாவுக்கு மாவரைக்க ஒரு இயந்திரமும் மகளுக்குப் படிக்க ஒரு இயந்திரமும் ஒரே நாளில் வந்தன. இரண்டுமே நல்லவை. ஆட்டுக்கல்லின் முன் குந்தியிருந்த முதுகுகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த கிரைண்டரைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் இரண்டுமே வேலைக்கான இயந்திரங்கள். விளையாட்டு என்ற சொல்லுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

மடிக்கணினியை இயக்கினால் திரையில் இரண்டு வழிகள் தோன்றும். ஒன்று விண்டோஸ், மற்றது பாஸ் லினக்ஸ். 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம் பாஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம். தமிழ்நாட்டில் இதற்கான தரை ஏற்கெனவே உழப்பட்டிருந்தது. அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்திலேயே லினக்ஸ் பக்கம் திரும்பியிருந்தது.

பாஸ் கட்டப்பட்டது டெபியன் என்ற தளத்தின் மேல். 1993இல் அதைத் தொடங்கிய இயன் மர்டாக், அப்போதைய தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டார். ஒரு பெண்ணின் பெயர் முன்பாதியில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சுமந்த திட்டத்தில் பெண்கள் எவ்வளவு குறைவு என்பதால்தான் 2004இல் 'டெபியன் விமன்' என்ற தனிக்குழுவே தேவைப்பட்டது. கட்டற்ற உலகமும் ஆண்களின் திண்ணையாகத்தான் தொடங்கியது.

லினக்ஸ் எந்த மரபைப் பின்பற்றியதோ அந்த யூனிக்ஸின் பிறப்புக் கதைக்குள்ளேயே ஒரு விளையாட்டு இருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், சூரியக் குடும்பத்துக்குள் விண்கலம் ஓட்டும் 'ஸ்பேஸ் டிராவல்' என்ற விளையாட்டை எழுதினார். பெரிய கணினியில் ஒருமுறை ஆட ஏறக்குறைய 75 டாலர் கணினி நேரம் செலவானது. ஆகவே ஓரமாகக் கிடந்த பிடிபி-7 என்ற சிறிய கணினிக்கு அதை மாற்றினார். அந்தக் கணினியில் கை பழகியதன் தொடர்ச்சியாகத்தான் யூனிக்ஸ் எழுந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இன்னொரு பகுதியையும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த ஆண்டு தாம்சனின் மனைவி, ஒரு வயதை ஒட்டிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு கலிபோர்னியாவிலிருந்த மாமனார் வீட்டுக்குப் போனார். அவர் இல்லாத மூன்று வாரங்களில் தாம்சன் யூனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். நான் இதைப் படித்தபோது சிரிக்கவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் குழந்தை தூங்கும் இடைவெளிகளில் எழுதியவள் நான். யாரோ ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால்தான் ஒருவருக்கு மூன்று வாரம் கிடைக்கிறது. கணினி வரலாற்றில் அந்தக் குழந்தையின் பாலும் தூக்கமும் யார் கணக்கில் இருக்கின்றன?

விளையாட்டு என்பது முதலில் பொழுது சம்பந்தப்பட்டது. பொழுது யாருக்குச் சொந்தம் என்பதைத் தமிழ் இலக்கியம் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. சங்க அகப்பாடல்களின் பெண் ஓரை ஆடுகிறாள், வண்டல் இழைக்கிறாள், கழங்கும் பந்தும் ஆடுகிறாள், ஊசலில் ஏறுகிறாள். ஆயம் அவளைச் சூழ்ந்திருக்கிறது. பிறகு ஒருநாள் இற்செறிப்பு. வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள், விளையாட்டிடம் வெறுமையாகிறது. நாம் அதைக் காதலுக்கு வந்த இடையூறாக மட்டுமே வகுப்பில் நடத்துகிறோம். அவள் விளையாட்டு நின்றுபோனதைத் தனி இழப்பாக எந்தத் தேர்விலும் கேள்வியாகக் கேட்டதில்லை.

பிள்ளைத்தமிழைப் பாருங்கள். ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் முதல் ஏழு பருவங்கள் பொது. கடைசி மூன்றில் பிரிகிறார்கள். பெண்ணுக்குக் கழங்கு அல்லது அம்மானை, நீராடல், ஊசல். ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் பருவத்தில் அவன் வீடு கட்டுவதில்லை. சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டைக் காலால் சிதைக்கிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதே அந்தப் பருவத்தின் பொருள். அவள் கட்டியதை உடைப்பது அவனுக்கு விளையாட்டு. அதை அழகு என்று ரசிக்க நமக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

என் அம்மாவுக்குப் பல்லாங்குழி நன்றாக வரும். எப்போது கற்றாய் என்று கேட்டபோது, வயதுக்கு வந்து குச்சுக்குள் இருந்த பதினாறு நாளில் என்றாள். உள்ளே பூட்டி வைத்தபோது மட்டும் அவளுக்கு விளையாட அனுமதி.

நான் வளர்ந்த நகரியம் ஆண்களின் பொழுதைக் கணக்கில் எடுத்துக் கட்டப்பட்ட ஊர். 1956இல் நிறுவனம் உருவானது. 1960களின் தொடக்கத்தில் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்புகள், நிழல் விழும் சாலைகள், மைதானங்கள், மன்றங்கள். ஷிப்டு முடிந்து வரும் ஆணுக்கு ஓய்வு உண்டு, அது நிர்வாகம் ஒப்புக்கொண்ட ஓய்வு. மூன்று ஷிப்டுக்கும் சோறு வடித்தவர்களுக்கு ஷிப்டு முடிவதே இல்லை. 2000ஐ ஒட்டி மந்தாரக்குப்பத்தில் பிரவுசிங் சென்டர்கள் வந்தபோது பையன்கள் மணிக்கணக்கில் அங்கே கிடந்தார்கள். தடுப்புப் பலகை வைத்த அந்தச் சிறு அறைகளுக்குள் ஒரு பெண் போனால் அவள் பேர் சாயங்காலத்துக்குள் வட்டம் முழுக்கச் சுற்றிவிடும்.

அந்த மாணவியின் பதிலை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொண்டேன். அண்ணனின் விளையாட்டுகள் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டவை. பாஸ் லினக்ஸில் அவை ஓடாது. அவனுக்கு அது உதவாத பாதி. அவளுக்கோ அங்கே சீட்டாட்டம், கட்டங்கள், கண்ணிவெடி எல்லாம் காசில்லாமல், இணையமில்லாமல், கடைக்குப் போய் யாரிடமும் சிடி கேட்காமல் கிடைத்தன. நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டு இருந்த காலம் அது. ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் நெய்வேலியைச் சுற்றியிருந்த கிராமங்களும் இருட்டில் கிடந்தன. கல்லூரியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போய் அந்த இருட்டில் அவள் விளையாடினாள். வீட்டில் தனியறை இல்லாதவளுக்கு, ஒரே இயந்திரத்துக்குள் அண்ணன் எட்டிப் பார்க்காத ஒரு அறை கிடைத்திருந்தது.

இலவசம் என்பதும் கட்டற்றது என்பதும் வேறுவேறு. இலவசமாகக் கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறோம் என்று சொல்லியே கொடுப்பார். அரசு படிக்கக் கொடுத்தது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். அதன் வழியே வந்த கட்டற்ற மென்பொருள் இயக்கம் நான்கு சுதந்திரங்களை வரையறுத்தது. அவற்றில் முதலாவது, ஒரு நிரலை எந்த நோக்கத்துக்காகவும் இயக்கும் சுதந்திரம். எந்த நோக்கத்துக்காகவும் என்றால் ஒரு நோக்கமும் இல்லாமல் விளையாடுவதற்காகவும்தான். "படிச்சிட்டுத்தான் இருந்தேன்" என்று யாரிடமும் பொய் சொல்லத் தேவையில்லாத உரிமை அது. அவள் மடியில் இருந்த இயந்திரத்துக்குள்ளேயே அது இருந்தது. அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

ஆனால் இதை வெற்றிக்கதையாக்க எனக்கு மனமில்லை. அவளுக்குக் கிடைத்தது யாரும் வேண்டாம் என்று விட்ட இடம். ஆண்கள் கைவிட்ட இடத்தில் மட்டும் கிடைக்கும் சுதந்திரம், அவர்கள் திரும்பி வரும்வரைக்கும்தான். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட 1993லேயே 'வைன்' திட்டம் தொடங்கிவிட்டது. 2018இல் வால்வ் நிறுவனம் அதன் மேல் கட்டிய 'புரோட்டான்' வந்தபின் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுகின்றன. தொழில்நுட்பத்தின் கணக்கில் பெரிய சாதனை, எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அண்ணனின் கார் இந்தப் பக்கமும் ஓடும் என்றால், தங்கையின் அறைக்கு வேறு ஒரு தாழ்ப்பாள் வேண்டும். அதை மென்பொருள் செய்து தராது.

அவள் இரண்டாமாண்டு முடியும்போது மடிக்கணினி அண்ணனின் படிப்புக்குப் போனது. மூன்றாமாண்டில் திருமணம். தேர்வெழுத வந்தபோது விசாரித்தேன். "அதெல்லாம் சின்னப் புள்ளைல மேடம்" என்றாள். அவளுக்கு அப்போது இருபது வயது.

லினக்ஸில் இன்றும் நிறுவிக்கொள்ளக்கூடிய பழைய விளையாட்டு ஒன்று உண்டு. பெயர் 'அட்வெஞ்சர்'. படம் கிடையாது, வெறும் எழுத்து. நாம் சொல்லைத் தட்டினால் அது அடுத்த இடத்தை விவரிக்கும். வில் குரவுதர் என்ற நிரலாளர் மணமுறிவுக்குப் பின், 1970களின் நடுவில், தன் மகள்களுக்காக எழுதியது. அதன் களம் கென்டக்கியின் மாமத் குகைத்தொகுதியில் உள்ள உண்மையான குகை. வில்லோடு சேர்ந்து அந்தக் குகைகளின் அளவைகளைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்கியவர் அவர் மனைவியாயிருந்த பாட்ரிசியா குரவுதர். 1972இல் இரு பெரும் குகைத்தொகுதிகளை இணைக்கும் வழியைக் கண்ட குழுவில் இருந்தவர். மற்றவர்களால் நுழைய முடியாத இடுக்கில் உடலை நுழைத்து முதலில் அப்பால் போனவர் அவர்தான். விளையாட்டின் வரலாற்றில் பெயர் கணவருடையது. கால் பதித்து மண்ணில் ஊர்ந்து போனவர்களில் ஒருவர் மனைவி.

இங்கே 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், நிலத்துக்கடியில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்தது. நிலத்துக்கு மேலே, நெய்வேலி போன்ற திறந்தவெளிச் சுரங்கத்திலும், மாலை 7 மணிக்குப் பின் காலை 6 மணி வரை அவர்கள் கூடாது என்றது. 2019இல்தான் அது நிபந்தனைகளோடு தளர்ந்தது. என் அப்பா முப்பது வருடம் இறங்கிய சுரங்கத்தை நான் விளிம்பில் நின்று பார்த்திருக்கிறேன், அதுவும் ஒரே ஒருமுறை, பள்ளிச் சுற்றுலாவில்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் இற்செறிப்பு நடத்தும் வகுப்பில் ஒரு கேள்வி கேட்கிறேன்: கடைசியாக எப்போது விளையாடினீர்கள்? பெரும்பாலும் ஒரே பதில்தான். "பெரியவளாகுறதுக்கு முன்னாடி மேடம்." ஈராயிரம் ஆண்டு உரை தேவைப்படாத பதில்.

அந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டுக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், லினக்ஸில் 'அட்வெஞ்சர்' நிறுவினேன். துவைக்க வேண்டிய துணி அப்படியே கிடந்தது. கீழே இறங்கு என்று தட்டினேன். வெளிச்சம் இல்லையென்றால் குழியில் விழுவாய் என்று எச்சரித்தது. விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

"விளையாடிட்டிருக்கேன், அப்புறம் வாங்க" என்றேன்.