மனையியல்

திருவையாற்றில் இன்று 'மனை' என்றால் வீடு கட்டும் இடம்: மனைக்கட்டு, மனைப்பட்டா. வேர் 'மன்', அதாவது நிலைத்திருத்தல். தங்கி வாழும் இடம் மனை. பழந்தமிழில் அதை நடத்துபவளும் மனையே. 'மனைவி' பிறந்தது அங்கிருந்துதான். கண்ணகியும் கோவலனும் தனிக்குடித்தனம் தொடங்கும் பகுதிக்குச் சிலப்பதிகாரம் இட்ட பெயர் 'மனையறம்படுத்த காதை'. நடந்த இடம், திருவையாற்றைத் தொட்டு ஓடும் இதே காவிரி கடலில் சேரும் புகார். 'அறம்' நின்ற இடத்தில் 'இயல்' வந்து பாடப்பெயரானது: உணவூட்டம், துணி, குழந்தை வளர்ப்பு, வரவு செலவு.

கிரேக்கத்திலும் இப்படித்தான்: வீட்டைக் குறிக்கும் 'ஓய்கோஸ்'தான் 'எகனாமிக்ஸ்' என வளர்ந்தது.

1980இல் மதுரையில் தொடங்கிய மனையியல் கல்லூரிக்கு இப்போது 'சமுதாய அறிவியல்' என்று பெயர். பெயர் மாறி ஆண்களும் படிக்கட்டும், ஆனால் 'மனை' என்ற சொல்லை விட்டதில் எனக்கு வருத்தமே. நெல் அவிக்கும் வாசனை அதில்தான் இருக்கிறது.